ஆலோசனை நிறுவன வேலையை விட்டாயிற்று. ஓய்வூதிய நிதியை எடுத்து ஓராண்டு சும்மா இருக்கலாமா?

மெரிபேங்க் மகள்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. திங்கள்தோறும் விடியற்காலை விமானத்தில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சென்று, சாண்ட்டனில் உள்ள ஒரு நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, சென்ற மாத இறுதியில் நானாகவே விலகினேன். கடைசியாக ஓர் இரவு இரண்டு மணிக்கு ஸ்லைடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அது எந்த வாடிக்கையாளருக்கானது என்பதே சில நிமிடங்கள் நினைவுக்கு வரவில்லை.

தனி ஆலோசகராகத் தொழில் செய்வது, பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சியான பி.ஜி.சி.இ. படித்துக் கணக்கியல் ஆசிரியையாவது, ஓராண்டு எதுவும் செய்யாமல் இருப்பது என மூன்று வழிகள் தெரிகின்றன. வருமானம், உடல்நலம், அம்மாவுக்கு அருகில் இருத்தல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு எக்செலில் அட்டவணை போட்டேன். மூன்றும் ஏறக்குறைய சமமாக வந்தன. ஓய்வூதிய விதி மாறிய 2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த, வேலையை விட்டால் எடுக்கக்கூடிய பழைய பங்கு 9 லட்சம் ராண்ட் இருக்கிறது. அதை எடுத்துச் செலவழிப்பது தவறா?

சாட்ஸ்வர்த் கணக்கர்:
தவறுதான், தங்கையே. 2023 மார்ச்சில் வந்த வரி அட்டவணைப்படி முதல் 27,500 ராண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 7,26,000 வரை 18 விழுக்காடு, அதன் பிறகு 27 விழுக்காடு. 9 லட்சத்தையும் எடுத்தால் 1,72,710 ராண்ட் வரியாகவே போய்விடும். ஓய்வுபெறும்போது வரியில்லாமல் எடுக்கக்கூடிய 5,50,000 ராண்ட் வரம்பையும் இன்றே தின்றுவிடுகிறீர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்களாகவே விலகியதால் வேலையிழந்தோருக்கான அரசுக் காப்பீடான யூ.ஐ.எஃப். உதவித்தொகையும் கிடைக்காது. வாரம் மூன்று நாள் தனி ஆலோசகராக வேலை செய்யுங்கள், நிதியைத் தொடாதீர்கள்.

ஸ்பிரிங்ஃபீல்ட் டீச்சர்:
கணக்கர் ஐயா சொன்ன கணக்கில் பிழை இருக்காது. ஆனால் தூக்கமின்றித் தடுமாறிய ஒருவரிடம், அதே வேலையை வாரம் மூன்று நாள் செய்யுங்கள் என்பது எப்படிப்பட்ட யோசனை? தன் வாழ்க்கைக்கே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் அந்த அட்டவணையைப் பார்த்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது, மகளே.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்தவள் நான். அது புகலிடம் அல்ல. பி.ஜி.சி.இ. ஓராண்டில் முடியும், யூனிசா பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலும் படிக்கலாம், ஆசிரியர் மன்றமான எஸ்.ஏ.சி.இ.யின் பதிவும் கிடைத்துவிடும், ஆயினும் அரசுப் பதவி உடனே அமையாமல், பள்ளி நிர்வாகக் குழு கட்டணப் பணத்திலிருந்து சம்பளம் தரும் பதவியில் பல ஆண்டுகள் காத்திருப்போரை நான் அறிவேன். மதிப்பெண் பதிவேடுகளோடு இரவு பதினொரு மணிக்கு அமர்ந்திருக்கும்போது சாண்ட்டன் நினைவுக்கு வரும். ஆகவே இப்போது எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆறு மாதமாவது ஓய்வெடுங்கள். இதற்கு உதவாத பணம் வேறு எதற்கு?

சாட்ஸ்வர்த் கணக்கர்:
டீச்சரம்மா, அறுபத்தைந்து வயதில் சாப்பிடுவதற்கு! அட்டவணை போட்டதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். போடாமல் நிதியை எடுத்து, இரண்டே ஆண்டுகளில் வந்து என் முன் அழுதவர்கள் உண்டு. மருத்துவச் செலவுக்கான மெடிக்கல் எய்ட் திட்டம் பற்றியும் யாரும் பேசவில்லை. நிறுவனத்தோடு சேர்ந்து அதுவும் நின்று, 90 நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால், மீண்டும் சேரும்போது மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாத விலக்கும் விதிக்கலாம். உடல் களைத்துப்போன நேரத்தில் எடுக்கும் ஓய்வில் இது சின்ன விஷயமா?

மிட்ராண்ட் வாசி:
நானும் இதே தொழிலை விட்டவன். தனி ஆலோசகர் என்ற யோசனையில் இருவரும் ஒரு பள்ளத்தைப் பார்க்கவில்லை. அக்கா, உங்கள் ஒப்பந்தத்தில் பழைய வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்ற தடை இருக்கிறதா? இந்நாட்டில், 1984இல் மேக்னா அலாய்ஸ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அத்தகைய தடை செல்லும் என்றே தொடங்குவார்கள். அது நியாயமற்றது என்று காட்டும் சுமை உங்கள்மீதுதான் விழும். ஒன்பது ஆண்டுகளில் உங்களுக்கு அறிமுகமான எல்லோரும் அந்தத் தடைக்குள் வருபவர்களாக இருந்தால், வாரம் மூன்று நாள் வேலையை யார் தருவார்கள்?

நிதியைப் பொறுத்தவரை நடுவில் ஒரு வழி உண்டு. முழுத்தொகையையும் முதலில் பிரிசர்வேஷன் நிதிக்கு, அதாவது வேலையை விட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தைக் காத்துவைக்கும் நிதிக்கு, மாற்றிவிட்டால், அப்போது வரி இல்லை. ஓய்வுக்கு முன் ஒரே ஒருமுறை அந்தப் பழைய பங்கிலிருந்து எடுக்கலாம். 2 லட்சம் எடுத்தால் வரி 31,050 ராண்ட்.

சாட்ஸ்வர்த் கணக்கர்:
மாற்றுவதை ஏற்கிறேன். அந்த ஒருமுறையை இந்த ஆண்டே செலவழித்துவிடுவதை ஏற்கவில்லை.

மெரிபேங்க் மகள்:
மூவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு மாதத் தடை இருக்கிறது. ஆக, கணக்கர் அண்ணன் சொன்ன வழி இப்போதைக்கு மூடியிருக்கிறது. டீச்சரம்மா சொன்ன ஓய்வை அந்த நிறுவனமே எனக்கு எழுதிவைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். விடுப்புக்கு ஈடாக வந்த தொகையும் சேமிப்பும் சேர்ந்தால் ஏழு மாதம் போகும், மெடிக்கல் எய்டை நானே கட்டினாலும். நிதியை மாற்றும் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன், பணம் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் வேண்டுமா என்பதற்கு இன்னும் விடை இல்லை. டீச்சரம்மா, உங்கள் பழைய பள்ளியில் ஒரு வாரம் வகுப்பின் பின் வரிசையில் உட்கார எனக்கு அனுமதி வாங்கித் தர முடியுமா?

ஸ்பிரிங்ஃபீல்ட் டீச்சர்:
முடியும். ஆனால் அடுத்த பருவத்தில்தான், அதுவரை தூங்குங்கள்.