தோண்டுவதற்கு முன்னே பீலியை அளந்து வையுங்கள்

ஊவாக்காரன்:
உமா ஓயா ஆற்று நீரைத் திருப்ப ஊவா மலைக்குள் வெட்டிய சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் உடைத்துப் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊற்றும் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2017இல் ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்தாகிவிட்டது. இனி மலைக்குள் சுரங்கமோ குழாயோ வந்தால், முறைப்பாட்டோடு போகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வி: "முன்னே எவ்வளவு தண்ணீர் இருந்தது?" கையில் கணக்கு இல்லையென்றால் "வரட்சிதான் காரணம்" என்று எழுதிவிடுவார்கள்.

பீலியை, அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயை, அளக்க 10 லீற்றர் வாளி போதும். கடை வாளியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு லீற்றர் போத்தலால் பத்துத் தடவை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறுங்கள். பீலிக்கு அடியால் ஒழுகுவதைக் களிமண் வைத்து அடைத்த பிறகு, கீறல்வரை நிரம்ப எத்தனை வினாடி என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். 600ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடக் கணக்கு வரும்: 24 வினாடி என்றால் 25 லீற்றர். கிணற்றை விடியற்காலையில், யாரும் அள்ளும் முன்னே, வாய்க்கட்டிலிருந்து தண்ணீர் மட்டம்வரை அளக்க வேண்டும். மாரியில் மட்டும் அளந்த கணக்கு பயன்படாது. ஊவாவில் ஆகஸ்ட், செப்டெம்பர் அளவுதான் பேசும்.

மழையையும் எழுதுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமான டின்னைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு மில்லிமீற்றரில் குறியுங்கள். சுரங்கப் பாதைக்கு எட்டாத அடுத்த மலையில் ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்தால், வரட்சிக் கதைக்குப் பதில் கையில் இருக்கும். மழை பெய்தும் இங்கே மட்டும் மட்டம் இறங்கினால் அதுவே சாட்சி.

மலைத்தோட்டம்:
அண்ணா சொன்னதோடு காரணத்தையும் சேர்க்கிறேன். நம்முடைய மலையில் தண்ணீர் நிற்பது மேலே உக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான். சுரங்கம் ஒரு பெரிய வெடிப்பை வெட்டினால், அதோடு தொடுத்த வெடிப்பெல்லாம் உள்ளே வடியும். தண்ணீர் போன மண் அமுங்கும், அத்திவாரம் இறங்கும். ஆகவே துளைக்கும் முன்னே முன்துளை போட்டுப் பார்ப்பார்களா, வெடிப்புக்குள் சீமெந்துக் குழம்பு அழுத்துவார்களா, எத்தனை லீற்றர் கசிந்தால் வேலையை நிறுத்துவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சுவர் வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். லயம் தோட்ட நிர்வாகத்தின் பேரில் இருப்பதால், குடியிருப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக முறைப்பாடு கொடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். ஒரே மனுவில் நூறு கையெழுத்து வைத்தால் ஒரு வீட்டின் சேதமும் தெரியாமல் போகும்.

கொட்டியாரம்:
அக்கா, கீழே இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும். உமா ஓயா மகாவலியில் சேர்கிறது, மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. சுரங்கம் அந்த நீரில் ஒரு பங்கைக் கிரிந்தி ஓயாப் பக்கம் தெற்கே திருப்பிவிட்டது. இப்படியான திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்தான். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். பக்க எண்ணைப் போட்டு, கோடையில் ஆற்றில் விடும் குறைந்தபட்ச நீர் எவ்வளவு, குடாவுக்குப் போகும் நன்னீரும் மணலும் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

அறிக்கை கையில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. பதிவுத் தபால் துண்டை அளவுக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் அந்தத் துண்டைத்தான் கேட்பார்கள்.