இசோரோகு என்ற ஜப்பானிய ஆண்பெயர்: பொருள் என்ன, இன்று யாராவது வைப்பார்களா?

தாழி:

நீகாட்டா மாகாணத்தின் நாகஓக்கா நகரில் நடக்கும் குறுநாவல் ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். கொள்ளுத்தாத்தா 1935 மே மாதம் பிறந்தவர், பெயர் இசோரோகு. 2025 ஜூலையில் பிறக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அதே பெயரைச் சூட்ட வீட்டார் நினைக்கிறார்கள். கதை முழுக்க இந்தப் பெயரைச் சுற்றித்தான் ஓடுகிறது, அதனால் இதில் பிழை வரக்கூடாது.

குழந்தைப் பெயர்த் தளங்களில் தேடினால் ‘இசோரோகு = 56’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. எண் எப்படிப் பெயராயிற்று? 1935-இல் இது புழக்கத்தில் இருந்த பெயரா? இன்றைக்கு நகராட்சி அலுவலகத்தில் பதிய முடியுமா, அங்கே என்ன கேட்பார்கள்? தமிழில் எப்படி எழுதுவது என்பதும் குழப்பமாக இருக்கிறது. இசோரோகு, இசொரொகு, இசோரோக்கு மூன்றும் கண்ணில் பட்டன.

ஏட்டடுக்கு:

56 என்ற பொருள் எழுத்திலிருந்து வருவது. ஐந்து, பத்து, ஆறு என்ற மூன்று கான்ஜி எழுத்துகளை (சீனத்திலிருந்து வந்த, பொருள் குறிக்கும் எழுத்துகள்) வரிசையாக எழுதினால் 56. எண்ணாகப் பார்த்தால் யாரும் இதை ‘கோஜூரோகு’ என்றுதான் படிப்பார்கள். பெயராகும்போது முதல் இரண்டும் சேர்ந்து ‘இசோ’ ஆகின்றன. சீன எண்ணுப்பெயர்கள் வந்து சேர்வதற்கு முந்தைய சொந்த ஜப்பானிய எண்களில் ‘சோ’ பத்தின் மடங்கைக் குறிக்கும்: மிசோ 30, யோசோ 40, இசோ 50, முசோ 60, யாசோ 80. ஐம்பது வயதுக்கு ‘இசோஜி’ என்ற சொல் இன்றும் உண்டு. ஆண்டின் கடைசி நாளுக்குப் பெயரான ‘ஓமிசோகா’வுக்குள் இருப்பதும் அந்தப் பழைய 30தான். மூன்றாம் எழுத்தான ‘ரோகு’ சீனவழி ஒலி. ஆக, பாதி சொந்தம், பாதி இரவல். அறியாதவர் இதைத் தவறாகப் படிப்பதற்கு அதுவே காரணம்.

இதே ஐந்து-பத்து இணை ‘இ’ என்று மட்டும் ஒலிப்பதும் உண்டு. இசே கோயிலருகே ஓடும் இசுசு ஆறு அப்படித்தான் எழுதப்படுகிறது. உங்கள் கதை நடக்கும் நீகாட்டாவில் பரவலான இகராஷி என்ற குடும்பப் பெயரும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரருக்கு இகராஷி என்று பெயர் வைத்தால் ஜப்பானியம் தெரிந்த வாசகருக்குத் தனி மகிழ்ச்சி.

பெயரை உலகறியச் செய்தவர் கடற்படைத் தளபதி யமமோட்டோ. 1884 ஏப்ரல் 4-இல் நாகஓக்காவில், தக்கானோ குடும்பத்தில் பிறந்தவர். 1916-இல்தான் தத்துவழியாக யமமோட்டோ ஆனார். அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 56, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அவர் ஆறாவது மகன் என்பதால் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆறாம் மகனுக்கு மரபான பெயர் ரோக்குரோ. இங்கே உள்ள ஆறு, 56-இன் ஆறு.

பிறப்பு வரிசையை எண்ணால் சொல்வது ஜப்பானில் மிகப் பழைய வழக்கம். இச்சிரோ, ஜிரோ, சபுரோ என்று போகும். யாஷிமா போரில் விசிறியை அம்பெய்து வீழ்த்தியதாகப் புகழ்பெற்ற நாசு நோ யோயிச்சியின் பெயருக்குப் ‘பத்துக்கு மேல் ஒன்று’, அதாவது பதினோராம் மகன் என்று பொருள். தந்தையின் வயதைப் பெயராக்குவது அந்த அளவுக்குப் பரவவில்லை. எண்பது என்று எழுதி ‘யாசோ’ என்று படிக்கும் பெயர் இன்னொரு வகை. 1892-இல் பிறந்த கவிஞர் சைஜோ யாசோவுக்கு எட்டும் பத்தும் வைத்து ஒன்பதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒன்பதின் ஒலியான ‘கு’ துன்பத்தையும் குறிக்கும்.

உங்கள் கதையில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. அக்காலத்து வயதுக்கணக்கில் பிறந்த உடனே வயது 1, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் எல்லாருக்கும் ஒன்று கூடும். பிறந்தநாள் கணக்கைப் பொதுவழக்காக்கிய சட்டம் 1950 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 1935-இல் 56 வயதுத் தந்தை 1880-இல் பிறந்திருக்க வேண்டும். இன்றைய கணக்கைப் போட்டால் 1878 அல்லது 1879 வந்துவிடும். கல்லறைக் கல்லில் தந்தையின் ஆண்டைக் காட்டும் காட்சி இருந்தால் இது கண்டிப்பாக உதைக்கும்.

வடகலம்:

புழக்கத்தைப் பற்றி. பெயர்வாரியான எண்ணிக்கையை ஜப்பான் அரசு வெளியிடுவதில்லை. ‘இந்தப் பெயர் இத்தனை பேருக்கு இருக்கிறது’ என்று துல்லிய எண் போடும் தளங்களை நம்பிக் கதையில் எதையும் எழுதாதீர்கள்.

பலரும் மேற்கோள் காட்டுவது மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியல். 1912-இல் பிறந்தவர்கள் தொடங்கி இருக்கிறது. அது அந்த நிறுவனத்தில் காப்பீடு எடுத்தவர்களை வைத்துச் செய்தது, முழு நாட்டுக் கணக்கு அன்று. எழுத்துவாரி, ஒலிவாரி என்று இரண்டு வரிசைகள் உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. ‘ஹருட்டோ’ என்ற ஒலி 2009 முதல் 2023 வரை ஆண்பெயர்களில் தொடர்ந்து முதலிடம். ஆனால் அதைப் பல கான்ஜி இணைகளில் எழுதுவதால், எழுத்துவாரிப் பட்டியலில் அது சிதறிக் கிடக்கும்.

இசோரோகு அந்த முன்வரிசைகளில் நிற்கும் பெயரே அன்று. பட்டியலில் இல்லாததை வைத்து ‘ஒருவர்கூட வைப்பதில்லை’ என்று முடிவு கட்டவும் முடியாது. அரிது என்பதற்கான காரணம் பெயருக்குள்ளேயே கிடக்கிறது. தந்தைக்குச் சரியாக 56 வயதாகும்போது மகன் பிறக்க வேண்டும், அது எத்தனை வீட்டில் நடக்கும்? பிறகு, பெயர் ஒரே மனிதரோடு ஒட்டிக்கொண்டது. இன்று எந்த ஜப்பானியரிடம் சொன்னாலும் முதலில் நினைவுக்கு வருபவர் அந்தத் தளபதிதான். நாகஓக்காவில் அவருக்கு நினைவு அருங்காட்சியகமே இருக்கிறது.

உங்கள் 1935 தேதி கதைக்கு மிகவும் பொருத்தமானது. அப்போது யமமோட்டோ நாடறிந்த வீரர் அல்லர். கூட்டுக் கடற்படையின் தலைமை அவருக்கு வந்தது 1939 ஆகஸ்டில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பரில். எனவே 1935-இல் பெயர் வைத்த தந்தை தன் வயதை நினைத்து வைத்தார் என்பது நம்பும்படி இருக்கும். ‘தளபதியின் நினைவாக வைத்தார்கள்’ என்று எழுதினால் காலம் இடிக்கும்.

1935 மே மாதம் பிறந்த பையன் 1942 ஏப்ரலில் முதல் வகுப்பில் சேர்வான். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடக்கப்பள்ளிகள் ‘கொக்குமின் கக்கோ’, அதாவது தேசிய மக்கள் பள்ளி என்று மாற்றப்பட்டிருந்தன. பேர்ல் துறைமுகம் முடிந்து நான்கு மாதம். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை ஆசிரியர் கூப்பிடும்போது வகுப்பு எப்படித் திரும்பிப் பார்த்திருக்கும்! 1943 ஏப்ரல் 18-இல் தளபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவன் இரண்டாம் வகுப்பு, ஜூன் 5-இல் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. 1945 ஆகஸ்ட் 1 இரவு நாகஓக்கா குண்டுவீச்சில் எரிந்தபோது நான்காம் வகுப்பு. போருக்குப் பின் அதே பெயரை ஊர் எப்படிக் கேட்டது என்பது உங்கள் பேனாவுக்கு உரியது. பெயர் மாறவில்லை, அதைக் கேட்ட காதுகள் பத்தாண்டுக்குள் மும்முறை மாறின. நானாக இருந்தால் நாவலை இங்கேதான் நிறுத்தி நிதானமாக எழுதுவேன்.

பதிவேடு:

நகராட்சிப் பக்கம் நான் சொல்கிறேன். பிறந்த நாளையும் சேர்த்து 14 நாளுக்குள் பிறப்பு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். ஜூலை 10-இல் பிறந்தால் 23 கடைசி. படிவத்தின் வலப்பாதி மருத்துவரோ மருத்துவச்சியோ நிரப்பும் பிறப்புச் சான்று, இடப்பாதி பெற்றோருடையது. பெயர் முடிவாகவில்லை என்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுப் பதிந்து பிறகு நிரப்பவும் வழி இருக்கிறது.

எழுத்துகளில் சிக்கலே இல்லை. பெயருக்கு அனுமதியுள்ளவை பொதுப் பயன்பாட்டு கான்ஜி 2,136, பெயருக்கென்றே ஒதுக்கிய 863, இவற்றோடு ஒலியெழுத்துகளான ஹிரகானா, கத்தகானா. ஐந்து, பத்து, ஆறு மூன்றும் முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 எழுத்துகளுக்குள்ளேயே வந்துவிடும்.

கவனம் தேவைப்படுவது ஒலியில். 2025 மே 26 முதல் பெயரின் ஒலியும் கத்தகானாவில் குடும்பப் பதிவேடான ‘கொசெக்கி’யில் ஏறுகிறது. அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பாக அது இருக்க வேண்டும். உயரம் என்று பொருள்படும் எழுத்தைக் குட்டை என்று படிப்பது, தரோ என்று எழுதி ஜிரோ என்று படிப்பது போன்றவை மறுக்கப்படும். உங்கள் குழந்தை ஜூலையில் பிறப்பதால் புது விதிக்குள் வருகிறான். 56-ஐ இசோரோகு என்று படிப்பது அகராதிச் சான்றுள்ள வாசிப்பு, பெயரும் வரலாற்றில் இருப்பது, எனவே தாண்டிவிடும். எழுத்தர் தயங்குவதாகக் காட்சி வைத்தால், குடும்பத்தார் ‘இசோஜி’ என்ற சொல்லுள்ள அகராதிப் பக்கத்தை எடுத்து நீட்டலாம். ஐயம் வரும் வாசிப்புக்கு விளக்கம் கேட்பது நடைமுறையில் உள்ளதே.

கொள்ளுத்தாத்தா உயிரோடிருக்கும்போது அதே பெயரை வைக்கலாமா? ஒரே கொசெக்கிக்குள் ஒரே எழுத்தில் இருவருக்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் ஒரு கொசெக்கியில் இருப்பது தம்பதியும் மணமாகாத பிள்ளைகளும், அதாவது இரண்டு தலைமுறை மட்டுமே. கொள்ளுத்தாத்தா வேறு ஏட்டில் இருப்பார், தடையில்லை.

2025-இல் 56 யாருடைய வயதும் இல்லை என்று இளைய தலைமுறை முரண்டு பிடித்தால், அதே ஒலியை வேறு எழுத்தில் எழுதலாம். கடற்கரைப் பாறையைக் குறிக்கும் ‘இசோ’, நற்பேறு என்றும் அக்காலச் சாமுராய் பெற்ற ஊதியம் என்றும் பொருள்படும் ‘ரோகு’. இரண்டு எழுத்துமே பெயர் ஒதுக்கீட்டில் உள்ளவை. எண் போய்விடும், ஒலி நிற்கும். பாட்டியோ பெரியம்மாவோ பெயரெழுத்தின் கோடுகளை எண்ணிப் பலன் சொல்லும் கோட்டெண்ணிக்கைச் சோதிடம் பார்ப்பவராக இருந்தால் இன்னும் ஒரு சண்டை இருக்கிறது. மூன்று எண்ணெழுத்துகளின் கோடுகள் 4, 2, 4 ஆக 10. எண்ணெழுத்தை அதன் மதிப்பாலேயே கணக்கிடும் மரபில் 5, 10, 6 ஆக 21.

பின்னால் பையனுக்குப் பிடிக்காமல் போனால், 15 வயதான பிறகு தானே குடும்ப நீதிமன்றத்தில் பெயர் மாற்றம் கேட்கலாம். முத்திரைக் கட்டணம் 800 யென். வெறுமனே பிடிக்கவில்லை என்றால் போதாது, தகுந்த காரணம் வேண்டும். படிக்கக் கடினமாக இருந்து வாழ்க்கைக்கு இடைஞ்சலாவது அப்படி ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று.

தாழி:

மிக்க நன்றி. 1880 கணக்கு முதல் அத்தியாயத்தையே திருத்த வைத்துவிட்டது. பாறை, நற்பேறு எழுத்துகளை இளைய மருமகள் வாயில் வைக்கப்போகிறேன். தமிழ் எழுத்து பற்றி யாராவது?

ஒலிக்குறி:

ஜப்பானியத்தில் நான்கும் குறில்: இ, சொ, ரொ, கு. ஒலியை அப்படியே காட்டுவது இசொரொகு. ஆனால் தமிழ்ச் சொற்களில் ஒகரக் குறில் முதலசைக்கு அப்பால் வருவது அரிது, வாசகர் தாமாகவே நீட்டிவிடுவார். கடைசி ‘கு’ பெரிய தொல்லை. உயிருக்குப் பின் தனியே வரும் ககரம் நம் நாவில் மெலிந்து ‘ரோகம்’ என்பதில் உள்ளது போல ஒலிக்கும், ஜப்பானியத்தில் அது வல்லொலி. இரட்டித்து ‘க்கு’ என்றால் வல்லொலி நிற்கும், ஆனால் ஜப்பானியத்தில் இரட்டிப்பு வேறு ஒலி. இரண்டில் எதை இழப்பது என்றால், நான் இரட்டிப்பை ஏற்று இசோரோக்கு என்று எழுதுவேன். யமமோட்டோ என்ற பழக்கப்பட்ட வடிவத்தோடும் அது ஒத்துப்போகும். சொல்லிறுதி உகரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டோக்கியோப் பேச்சில் அது ஏறக்குறைய ஓசையின்றித் தேய்ந்துபோகும், நம் குற்றியலுகரமும் அதற்கு வெகு அருகில் நிற்கிறது.

வேற்றுமை உருபு சேர்க்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இசோரோக்கை, இசோரோக்கின் என்று உகரத்தைக் கெடுத்தால் பெயரின் வால் அறுந்துவிடும். இசோரோக்குவை, இசோரோக்குவின், இசோரோக்குவுக்கு என்று வகர உடம்படுமெய்யோடு முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை ஒரே மாதிரி எழுதுங்கள்.

இன்னொன்று: ஜப்பானிய வீட்டில் இளையவர்கள் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு அவர் ‘ஹீஜீசான்’, பிள்ளை பேரன் எடுத்த பின் மனைவிகூட ‘ஓஜீசான்’ என்றே கூப்பிடுவார். உரையாடலில் இசோரோக்கு என்ற பெயர் வரவேண்டுமானால் அதைச் சொல்லத் தகுந்தவர்கள் அவருடைய அண்ணன்மார், பள்ளித் தோழர்கள், அந்த வகுப்பாசிரியர். அண்ணன் ‘இசோரோக்கு’ என்று மொட்டையாகவே கூப்பிடலாம், தோழர்கள் ‘ரோக்கு-சான்’ என்று சுருக்கலாம்.