பொதுப் பட்டறையில் காய்ந்த மண்ணைக் கூட்டலாமா?

உவர்மலைக்காரி:
உப்புவெளியில் நாம் பதினான்கு பேர் பகிர்ந்து பயன்படுத்தும் மட்பாண்டப் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். கடந்த சனிக்கிழமை நான் உள்ளே சென்றபோது, உறுப்பினர் ஒருவர் காய்ந்த களிமண் துகள்களைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுழன்றது, யன்னல் வழியே கச்சான் காற்று வீசியது, மூலையில் இரண்டு பிள்ளைகள் மண் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் விழுந்த இடத்தில் தூசி புகைபோல எழுந்து நின்றது. ஆகவே, தரையையும் மேசையையும் இனி ஈரத்தால் மட்டுமே துடைப்பது, காய்ந்த பாண்டத்தை அறைக்குள் உப்புத்தாளால் தேய்க்காமலிருப்பது, ஒவ்வொருவரும் புறப்படுவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன் வேலையை நிறுத்தித் தமது இடத்தைத் துப்புரவாக்குவது என்ற மூன்று விதிகளையும் எழுதிச் சுவரில் தொங்கவிட வேண்டுமென முன்மொழிகிறேன்.

தம்பலகாமத்துப் பேரன்:
அக்கா, கூட்டியவன் நான்தான். என் பாட்டனார் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சட்டி பானை வனைந்தவர். முகக்கவசம் என்ற சொல்லையே அறியாமல் எண்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்தார். மண் நஞ்சு என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அவர்கள் மண்ணைத் தொடவே அஞ்சுவார்கள். மூதூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஆச்சிமார், சுவரில் விதிப்பலகையைக் கண்டால், தங்களை யாரோ குறை சொல்கிறார்கள் என்றே எண்ணுவார்கள். அதைவிட, ஆடி மாதத்தில் எங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் நாலு வாளி நீரைத் தரைக்கு ஊற்ற எங்கே போவது?

கொட்டியாரக்கரை:
நான் சுவாசநோய் விடுதியில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் என்பதால் சில விடயங்களைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஈரமான களிமண் யாருக்கும் தீங்கு செய்யாது. பிள்ளைகள் முழங்கைவரை பூசிக்கொண்டு விளையாடட்டும். அஞ்ச வேண்டியது, காய்ந்தபின் காற்றில் கலக்கும், களிமண்ணிலுள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் தூளுக்கு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் சிறிய துகள்களோ கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதந்து, நுரையீரலின் அடிவரை சென்று, அங்கே வடுவை உண்டாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். வடுவான நுரையீரலை மீண்டும் பழையபடி ஆக்க மருந்தில்லை. இதே தூளை 1997ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. துணிக்கவசம் இதைத் தடுக்காது. என்95 வகை, முகத்தோடு இறுகப் பொருந்தினால் மட்டுமே தடுக்கும். ஆனால் தூசியே எழாமல் பார்த்துக்கொள்வது கவசத்தைவிட மேலானது.

உவர்மலைக்காரி:
தம்பி, பாட்டனார் எங்கே இருந்து வனைந்தார் என்று சொல்ல முடியுமா?

தம்பலகாமத்துப் பேரன்:
முற்றத்தில், கிடுகுக் கொட்டிலின் கீழ். சுவரே இல்லை, வயற்காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். நேர்மையாகச் சொல்வதானால், ஆச்சி காலையில் தண்ணீர் தெளித்த பின்புதான் அவ்விடத்தைக் கூட்டுவார். வெறுந்தரையைக் கூட்டினால் ஏசுவார். ஆகவே தெளித்துக் கூட்டுவதை நான் ஏற்கிறேன். அது நமது வழக்கம்.

கொட்டியாரக்கரை:
முற்றத்துக்கு அது போதும். மூடிய அறையின் சீமெந்துத் தரையில் தெளித்த நீர் காய்ந்ததும் அந்த மண்படலம் மீண்டும் தூளாகி, மிதிபட்டு எழும்பும். பஞ்சினாலோ ஈரத்துணியினாலோ ஒற்றித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரைப் பற்றிய உங்கள் கவலைக்கு வழியுண்டு: துடைத்த நீரைத் தொட்டியில் ஊற்றாமல் வாளியில் இரவு முழுவதும் விட்டால் மண் அடியில் படியும், மேலே தெளிந்த நீரை மறுநாள் துடைக்க எடுக்கலாம். கழிவுக்குழாயும் அடைபடாது. ஆனால் அடிமண்ணைக் களிமண் தொட்டிக்குள் போடாதீர்கள். அதில் அச்சுகளின் பிளாஸ்டர் துணுக்கு கலந்திருந்தால், சுட்ட பாண்டம் சில வாரங்களில் பொருக்கு வெடிக்கும்.

தம்பலகாமத்துப் பேரன்:
இந்த வாளி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் நீங்கள் எல்லோரும் தூசியைப் பற்றியே பேசி, உண்மையில் நட்டம் வந்த இடத்தை மறந்துவிட்டீர்கள். சென்ற மாரியில், கார்த்திகை விளக்கீட்டுக்காக நான் வனைந்த நாற்பது சிட்டிகளும் மின்சூளைக்குள் இருந்தபோது, யாரோ ஒருவர் முழுதாகக் காயாத தடித்த சாடியொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மண்ணுக்குள் தங்கிய நீர் நூறு பாகையில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேலாக விரியும்போது, வழி கிடைக்காவிட்டால் பாண்டத்தை உடைத்துக்கொண்டுதான் வெளியேறும். பதினேழு சிட்டிகள் நொறுங்கின. மழைக்காலத்தில் மேற்பரப்பு வெளுத்துப்போனாலும் உள்ளே ஈரமிருக்கும். கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக் குளிர்ந்தால் வைக்கக்கூடாது. என் கருத்தில், சூளையை அடுக்கும் உரிமை ஒருவருக்கே இருக்க வேண்டும், அடுத்தவருடைய சுடாத பச்சைப் பாண்டத்தை அவரைக் கேளாமல் எவரும் நகர்த்தவும் கூடாது. இதற்கு விதி எழுதுங்கள், நானே கையெழுத்து வைக்கிறேன்.

நிலாவெளி மாணவன்:
அண்ணா, அந்தச் சாடியை வைத்தவன் நான். அப்போது கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது எனக்குத் தெரியாது, வருந்துகிறேன். ஆனாலும் அடுக்கும் வேலையை ஒருவரிடமே கொடுத்தால் மற்றவர்கள் ஒருபோதும் கற்க மாட்டோம். தெரிந்தவர் ஒருவரும் பழகுபவர் ஒருவருமாக இருவர் அடுக்கினால் என்ன? ஆரம்பத்தில் சூடு மெதுவாக ஏறும்படி நூறு பாகைக்குக் கீழே சில மணிநேரம் நிறுத்தி வைத்தால், எஞ்சிய ஈரமும் போய்விடும் என்று பின்னர் அறிந்தேன். இன்னொன்றும் கேட்க வேண்டும்: அலுமாரியின் மேல்தட்டில் பெயர்ச்சீட்டே இல்லாத தகரத்தில் வெள்ளைத்தூள் இருக்கிறதே, அதைப் பாண்டத்துக்குப் பளபளப்புப் பூச்சாகப் பயன்படுத்தலாமா?

கொட்டியாரக்கரை:
கூடவே கூடாது. அது ஈயம் கலந்த தூளாகவும் இருக்கலாம். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே, ஈயத்தை அரைத்துப் பாண்டங்களுக்குப் பூசிய குயவர்களின் கைகள் நடுங்கி முடங்கியதை எழுதிவைத்தார். ஈயப்பூச்சுச் சட்டியில் புளியோ தேசிக்காய்ச் சாறோ ஊறினால் ஈயம் உணவுக்குள் இறங்கும். எலிமருந்தாகப் பயன்பட்ட பேரியம் காபனேற்று என்ற பொருளும் வெள்ளைத்தூள்தான். எதுவென்று தெரியாத தூளை அரிக்கவும் கூடாது, முகரவும் கூடாது. அந்தத் தகரத்தை மூடி ஒட்டி ஒதுக்கி வையுங்கள். பூச்சு மேசையில் தேநீர்க் கோப்பை வைப்பதையும் இன்றோடு நிறுத்துவோம்.

உவர்மலைக்காரி:
சூளை விடயத்தில் நான் மாணவன் தம்பியின் பக்கம்: இருவர் அடுக்கட்டும், இருவரும் குறிப்பேட்டில் பெயர் எழுதட்டும். சூடேறும்போது மண்ணிலுள்ள உயிர்ப்பொருள் எரிந்து காபனோரொட்சைட்டு வெளிவருவதால், அந்த மணிநேரங்களில் அறைக்குள் வகுப்பு வேண்டாம், யன்னல்கள் திறந்திருக்கட்டும். துடைப்பதில் என் முன்மொழிவில் மாற்றமில்லை.

தம்பலகாமத்துப் பேரன்:
ஞாயிறு காலை மூடியுள்ள மூன்று வாளிகளும் பழைய சாரத்துணியும் கொண்டுவருகிறேன். காய்ந்த பாண்டத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈரப்பஞ்சால் தேய்க்கவும் ஒத்துக்கொள்கிறேன். பலகையைத் தொங்கவிடுவதற்கு மட்டும் இன்னமும் எனக்குச் சம்மதமில்லை. ஆச்சிமாருக்கு நான் பக்கத்திலிருந்து செய்து காட்டுகிறேன்; ஒரு மாதம் பார்த்துவிட்டு அதைப் பற்றி மீண்டும் பேசுவோம்.