யாஷிகா சார்: பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

சாலிகிராமத்திலிருந்து, முன்னாள் உதவி இயக்குநர்

நடிகர் யாஷிகா சாரை உங்களில் பலர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். தாசில்தார், ஸ்டேஷன் ரைட்டர், பெண் பார்க்க வரும் வீட்டுச் சித்தப்பா, ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா. முகத்தைப் பார்த்ததும் "அட, இவரா!" என்பீர்கள், பெயர் மட்டும் சட்டென்று வராது. இங்கேயும் பெயர் வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். செட்டில் பையன்கள் வைத்த பெயரிலேயே எழுதுவோம். அவரோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக எழுதுங்கள், நான் ஆரம்பித்துவைக்கிறேன்.

1996இல் வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டில்தான் அவரை முதலில் சந்தித்தேன். பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா வேஷம், ஒரே சீன், இரண்டு வசனம். காலை 7 மணிக்கு வரச் சொன்னது நான்தான். மற்ற ஆர்ட்டிஸ்ட் வரவே 11 ஆனது. மதியம் சாப்பாடு முடிந்தும் அவருடைய ஷாட் வரவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி. டீயை எடுத்துக்கொண்டு போய், "சார், இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

"எனக்கு வேலை ஓடிக்கிட்டுதான் இருக்கு தம்பி" என்றார்.

பார்த்தால், மடியில் ஒரு யாஷிகா மேட் 124ஜி கேமரா. இரண்டு லென்ஸ் மேலும் கீழுமாக இருக்குமே, அது. மூடியைத் திறந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஏணி உச்சியில் ஒரு லைட்மேன், துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, லைட் அணையட்டும் என்று காத்திருந்தார். மெல்ல ஒரு 'டிக்'. அவ்வளவுதான். லைட்மேனுக்கே தெரியாது.

அந்தக் கேமராவில் அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பின்னாளில் அவரே சொன்னார்: "கண்ணுல வச்சு எடுக்கிற கேமரான்னா எதிர்ல இருக்கிறவங்களைக் குறி பார்க்கிற மாதிரி இருக்கும். இதுல நான் தலையைக் குனிஞ்சாதான் படமே தெரியும்." அதில் போடும் 120 பிலிம் ரோலில் 12 படம்தான் விழும். அதனால் அவர் நிறைய எடுக்கமாட்டார், நிறையப் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்து டப்பிங்குக்கு வந்தபோது ஒரு பழுப்பு உறையை என்னிடம் கொடுத்து, அந்த லைட்மேனிடம் சேர்க்கச் சொன்னார். உள்ளே பிரிண்ட். படம் எடுத்தால் படத்தில் இருப்பவருக்கே பிரிண்ட் போய்ச் சேரவேண்டும், அதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

சரி, அன்றைய ஷாட்டுக்கு வருகிறேன். நாலரை மணிக்கு அவர் சீன் எடுத்தோம். அவருடைய இரண்டு வசனமும் முதல் டேக்கிலேயே ஓகே. அடுத்தது கதாநாயகனுக்கு குளோசப், இவருடைய தோள் மட்டும் ஃபிரேம் ஓரத்தில் தெரியும் சஜஷன் ஷாட். தோளுக்கு யாரையாவது உட்காரவைத்து, வசனத்தை நானே படித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்பு பேசிய அதே குரலில், அதே இடைவெளி விட்டுப் பேசினார். முத்திரைக் கட்டையை எடுப்பதற்கு முன்னால் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அது ஃபிரேமில் இல்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் எதிரே நின்ற கதாநாயகனுக்குத் தெரியும். அந்த குளோசப் அந்தப் படத்திலேயே நன்றாக வந்த ஒன்று என்று இன்றும் சொல்வேன்.

குணச்சித்திர நடிகர்கள் பெரும்பாலும் வேறொரு வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்தவர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். இளவரசு ஒளிப்பதிவாளராக இருந்து நடிப்புக்கு வந்தார். நாசர் நடித்துக்கொண்டே 1995இல் தெருக்கூத்துக் கலைஞர்களை வைத்து 'அவதாரம்' எடுத்தார். நம் யாஷிகா சார் தந்தி ஆபீஸ் கிளார்க், மாலையில் சபா நாடகம். வருபவர்களின் முகத்தைப் பார்த்தே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கண்டுபிடிக்கப் பழகியது அங்கேதான் என்பார். அவர் நடித்ததும் படம் எடுத்ததும் இரண்டு தொழில் என்று எனக்குத் தோன்றியதில்லை. இரண்டுமே, காத்திருக்கும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்து வந்தவை.

மேற்கு மாம்பலத்திலிருந்து

அவர் ஜாபர்கான்பேட்டைக்குப் போவதற்கு முன்பு எங்கள் மாடியில் குடியிருந்தார். பாத்ரூம்தான் இருட்டறை. சிவப்பு பல்பைப் போட்டுவிட்டால் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. வெயில் காலத்தில் டெவலப்பர் சூடாகிவிடும் என்று எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிப்போய், பெரிய தட்டில் போட்டு அதற்குள் மருந்துப் பாத்திரத்தை வைப்பார். 20 டிகிரிக்கு வரணும் என்று தெர்மாமீட்டரும் கையுமாக நிற்பார்.

ஆனால் பிரிண்ட் போடுவது மழைக்காலத்தில்தான். காரணம் தண்ணீர். ஹைப்போ என்கிற மருந்து போக பிரிண்டை ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலசவேண்டும், இல்லாவிட்டால் சில வருஷத்தில் பழுப்பேறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தெருவே லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு நிற்கும்போது, படத்தை அலசுவதற்குத் தண்ணீர் விட அவருக்கு மனசு வராது. கோடையில் நெகட்டிவ் மட்டும் கழுவி வைத்துக்கொள்வார். ஐப்பசி பிறந்ததும் எங்கள் கிணறு ஊறும், மாடியில் கொடி முழுக்கப் படங்கள் தொங்கும். என் மாமியார் கோலம் போடும் படம் அப்படி ஒரு தீபாவளி சமயத்தில் வந்ததுதான்.

அசோக் நகரிலிருந்து, படத்தொகுப்பாளர்

அவருடைய முதல் குறும்படத்தை வெட்டியது நான். 1999. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள் விடியற்காலையில் வடபழனியில் கம்பெனி வேனுக்காகக் காத்திருப்பார்களே, அதைப் பற்றி 22 நிமிடம்.

16 எம்.எம்., கறுப்பு வெள்ளை. கேமரா யாரோ கொடுத்த பழைய போலெக்ஸ், சாவி கொடுத்து ஓட்டுவது. ஒரு முறை முழுச் சாவி கொடுத்தால் 28 விநாடி ஓடும், அப்புறம் நின்றுவிடும். 100 அடி ரோல் மொத்தமே 2 நிமிடம் 45 விநாடி. அதனால் அவர் படத்தில் 28 விநாடிக்கு மேல் ஷாட்டே கிடையாது. முதலில் இது எனக்கு இடைஞ்சலாகத்தான் பட்டது. ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசையில் போட்டு ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு அம்மா பூவைக் கிள்ளித் தலையில் வைத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் கொடுத்து, வேன் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்து 25 விநாடி. இவ்வளவுதான் நடக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறார். வாழ்க்கை முழுக்க ஒரே டேக்கில் முடிக்கச் சொல்லி நெருக்கப்பட்ட நடிகருக்கு வருகிற கணக்கு அது.

போலெக்ஸ் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும், நேரடி ஒலி எடுக்க முடியாது. குரல்களைத் தனியே பதிவு செய்தார். பேசுபவர்களின் வீட்டுக்கே போய், அவர்கள் அரிசி புடைத்துக்கொண்டோ, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டோ இருக்கும்போது பேசவைத்தார். "கைக்கு வேலை குடுத்துட்டா வாய் பயப்படாது" என்பது அவர் பழக்கம். நடிகர்களை இயக்குவது பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பாடம் இதுதான். யாரையும் "அழுங்க", "சிரிங்க" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் திரையிட்டோம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், அதில் முப்பது பேர் படத்தில் இருந்தவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். தங்கள் முகத்தைக் கூட்டத்துக்கு நடுவே தேடியே பழகியவர்கள், திரை முழுக்கத் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த 22 நிமிடமும் ஹாலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, வீடியோவும் எடுக்கும் கேனன் 5டி மார்க் 2 கேமரா வந்து, ஊரெல்லாம் குறும்பட அலை அடித்தபோது அவரும் ஒரு படம் எடுத்தார். ஒரே ஷாட்டை நிமிடக் கணக்கில் ஓட்டலாம், பிலிம் செலவு இல்லை. அந்தப் படம் முந்தையது அளவுக்கு வரவில்லை. அவரிடமே சொன்னேன், ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

கே.கே. நகரிலிருந்து, மேலாளராக இருந்தவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படக் கம்பெனி அவருக்குக் கொடுத்த செக் இரண்டு முறை திரும்பி வந்தது. நான் சங்கத்தில் புகார் கொடுப்போம் என்றேன். கொடுத்தோம், எட்டு மாதத்தில் பாதிப் பணம் வந்தது. அது வந்த அன்று அவர் வாங்கியது பிரிண்ட் போடும் பேப்பர், இரண்டு பெட்டி. பேத்திக்கு ஒரு ஃபிராக்.

சைதாப்பேட்டையிலிருந்து, ஸ்டுடியோ வைத்திருப்பவர்

2015 டிசம்பர் 2ஆம் தேதி மதியம் அவர் மகள் போன் செய்தார். முந்தின இரவு அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் இடுப்பு வரை வந்துவிட்டது. எல்லோரும் மாடியில் பத்திரம். சார் மட்டும் பேசவே மாட்டேன் என்கிறார். நெகட்டிவ் இருந்த இரும்புப் பெட்டி கீழ்த்தளத்தில்.

நான் போனபோது தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. பெட்டியைத் திறந்தால் சேறு. உறைக் காகிதம் நெகட்டிவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவர் நல்ல எண்ணத்தில் பத்துப் பன்னிரண்டை எடுத்து மொட்டை மாடியில் காயவைத்திருந்தார். அவை போயே போய்விட்டன. நனைந்த நெகட்டிவை அப்படியே காயவிடக் கூடாது. மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சு ஊறிப் பசை மாதிரி ஆகியிருக்கும், காய்ந்தால் காகிதத்தோடு ஒன்றாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ஈரமாகவே வைத்திருக்கவேண்டும், குளிர்ச்சியாகவும்.

மீன் கடையில் இரண்டு தெர்மகோல் பெட்டி வாங்கினேன். குடிக்கிற தண்ணீர் கேனுக்கே அன்று ஊரில் அடிதடி. மூன்று கேன் கிடைத்தது. கொஞ்சம் ஐஸ். நெகட்டிவ்களைத் தண்ணீரில் மூழ்கவைத்தபடியே என் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தோம். மின்சாரம் இல்லை. சாரும் நானும் மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஓரத்தை மட்டும் பிடித்து, காகிதம் தானாகக் கழன்று வரும்வரை தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டிருந்தோம். பூச்சின் மேல் விரல் பட்டால் ரேகை விழுந்துவிடும். ஒரு ரோலுக்கு, மூன்று மூன்று படமாக நான்கு துண்டு. கடைசி அலசலில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டால் நீர்ப் புள்ளி நிற்காது. பிறகு கிளிப் மாட்டி நிழலில் தொங்கவிடுவது. ஐந்து நாள் இதேதான் செய்தோம். 73 வயதில் ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகு நிமிராமல்.

ஏறக்குறைய 340 ரோலில் 260 பிழைத்தது. அவருடைய கணக்கு நோட்டும் பிழைத்தது, பென்சிலில் எழுதியிருந்ததால். பேனா மை என்றால் கரைந்திருக்கும். ரோல் எண், தேதி, இடம், யார் யார், பிரிண்ட் கொடுத்தாச்சா என்று ஒவ்வொரு வரியும் அப்படியே இருந்தது. போனவற்றில் எது எது என்று அந்த நோட்டைப் பார்த்து அவர் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் ஒருவருடைய பெயர். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். இப்போது நோட்டும் நெகட்டிவும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

வடபழனியிலிருந்து

என் அம்மா ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கல்யாண வீடு, கோயில் கூட்டம், மார்க்கெட், இப்படி எவ்வளவோ படம். ஒன்றிலும் முகம் நிற்காது. யாஷிகா சார் எடுத்துக்கொடுத்த ஒரு படம்தான் அம்மாவுக்கென்று இருந்த ஒரே படம். பட்டுப்புடவை, கம்பெனி நகை, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் விழித்த முகம். போன வருஷம் அம்மா தவறியபோது மாலை போட்டது அந்தப் படத்துக்குத்தான். ஃபிரேமில் பூஞ்சை பிடித்து இப்போது கன்னத்துப் பக்கம் போய்விட்டது. 1997 ஆடி மாதம் என்று நினைவு, ஏதோ கோயில் செட். அந்த நெகட்டிவ் இருக்குமா ஐயா?

சைதாப்பேட்டையிலிருந்து, ஸ்டுடியோ வைத்திருப்பவர்

நேற்று இரவு நோட்டைப் பார்த்தேன் அம்மா. ரோல் 118, ஆகஸ்ட் 1997, கோயில் செட். 7ஆவது படத்துக்கு எதிரே உங்கள் அம்மா பெயர், பக்கத்தில் 'கொடுத்தாச்சு' என்று டிக். வெள்ளத்தில் பிழைத்த ரோல்தான். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் சேற்றுக் கறை, முகத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. நெகட்டிவ் சதுரம், உங்கள் வீட்டுப் பிரிண்ட் நீளவாட்டில் வெட்டியது. முழுப் படத்தில் அம்மாவின் மடியில் தலை வைத்து ஒரு சின்னப் பெண் தூங்குகிறாள், இரட்டைப் பின்னல், ஒரு கையில் முறுக்கு. நோட்டில் 'மகளும்' என்று எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், இரண்டு பிரிண்டும் போட்டு வைக்கிறேன்.