துபாயில் எல்லாரிடமும் ஃபெராரி இருக்கிறதா? வடசென்னையிலிருந்து புதிதாகச் சென்றிருக்கும் தம்பிகளுக்கு

வியாசர்பாடியிலிருந்து துபாய்க்கு வேலைக்குச் சென்றிருக்கும் தம்பி ஒருவர், ஒரே வாரத்தில் பதினேழு ஃபெராரிகளை எண்ணிவிட்டதாகவும், அங்கே அவை அவ்வளவு மலிவா என்றும் கேட்டிருந்தார். பதினோரு ஆண்டுகள் அங்கே கணக்கராக இருந்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பந்தயக் கார் என்றால் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த போட்டிகளைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டதோடு சரி என்று வளர்ந்த நமக்கு, பெட்ரோல் பங்க்கில் பக்கத்திலேயே லம்போர்கினி நிற்பது வியப்பாகத்தான் இருக்கும். மலிவு என்பதில் ஓரளவு உண்மையும் உண்டு. அமீரகத்தில் காருக்குச் சுங்கவரி 5 விழுக்காடு, 2018 முதல் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு, அவ்வளவுதான்; நம் நாட்டிலோ முழுமையாகக் கட்டி முடித்து இறக்குமதியாகும் சொகுசுக் காருக்கு, வரியே இன்னொரு கார் வாங்கும் அளவுக்கு நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது.

ஆனால் நீங்கள் எங்கே நின்று எண்ணினீர்கள் என்று யோசியுங்கள். துபாயின் டவுன்டவுனிலும் துபாய் மரீனாவிலும் மாலையில் சுற்றும் வண்டிகளில் கணிசமானவை சுற்றுலாப் பயணிகள் நாள் வாடகைக்கு எடுத்தவை. 2013-இல் துபாய் காவல்துறை தன் வண்டிகளில் லம்போர்கினியைச் சேர்த்ததுகூடப் பெரும்பாலும் ஊருக்கு விளம்பரமாகவே பயன்பட்டது. நம்மவர்கள் குடியிருக்கும் தேராவிலோ கராமாவிலோ ஷார்ஜாவிலோ எண்ணிப் பாருங்கள், கணக்கு வேறாக வரும்.

நான் உண்மையில் அஞ்சுவது பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான். விலை சரிந்திருப்பதைக் கண்டு மயங்கி, என் அறைத்தோழர் ஒருவர் எட்டு வருடப் பழைய போர்ஷே ஒன்றை வாங்கினார். தவணையைச் சமாளித்தவரால் டயருக்கும் பிரேக்குக்கும் காப்பீட்டுக்கும் ஆன செலவைச் சமாளிக்க முடியாமல், ஒன்பதாவது மாதத்தில் வாங்கியதில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். காரின் மதிப்பில் 80 விழுக்காடு வரை, 60 மாதங்களுக்கு மிகாமல் கடன் தரலாம் என்பதும், எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அந்நாட்டு மத்திய வங்கியின் விதி. அது வங்கிக்கான உச்சவரம்பு. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய உங்களுக்குக் கால்வாசியே அதிகம். வேலை போனாலும் தவணை நிற்காது, கடனைக் கட்டாமல் வழக்கானால் நாட்டைவிட்டு வெளியேறவே தடை வரலாம்.

அதற்கு முன், நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை அங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். பயிற்சிக்கும் தேர்வுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

முதல் காராக நான் வாங்கியது பழைய நிசான் சன்னி. ஒரகடத்தில் தயாராகி, டிரெய்லர்களில் ஏறி, எண்ணூர் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்குக் கப்பலேறிய அதே ரகம். காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் நெரிசலில், என் சன்னிக்குப் பக்கத்தில் ஒரு ஃபெராரியும் அதே வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும்.