பெரியவங்களுக்கும் டிஸ்லெக்சியா இருக்குமா?

கேள்வி:
ரெண்டாவது படிக்கிற பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுல வர்ற சிரமம்னு சொல்லிட்டாங்க. டெஸ்ட் பண்ண மேடம் கேட்ட கேள்விய எல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தப்ப, அட இதெல்லாம் எனக்கும் இருக்கேன்னு தோணுச்சு. ஆபீஸ்ல பெரிய மெயில் வந்தா திரும்பத் திரும்பப் படிச்சாதான் மண்டைல ஏறும், மீட்டிங்ல திடீர்னு வாசிக்கச் சொன்னா கை வேர்த்துடும், ஆனா பேச்சுல கணக்குல எல்லாம் ஒரு குறையும் இல்ல. நாப்பது வயசுல இது இருக்குமா, இல்ல சின்ன வயசோட போயிடுமா? இப்பப் போய் டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்?

பதில் 1:
போகாது பாஸ், உருவம்தான் மாறும். எனக்கே காலேஜ் முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. சின்ன வயசுல எழுத்துக்கூட்டவே வராது, இப்ப தப்பில்லாம படிப்பேன் ஆனா ஸ்லோ. தமிழ்ல எழுத்தும் சத்தமும் ஓரளவு ஒத்துப்போறதால சமாளிச்சிடுவேன், இங்கிலீஷ்ல தோ (though), த்ரூ (through), டஃப் (tough) மூணுக்கும் கடைசி நாலு எழுத்து ஒண்ணேதான், சத்தம் மட்டும் வேற வேற, எவன் கண்டுபிடிச்சானோ. டெஸ்ட் பண்ணிக்கோங்க. ரிப்போர்ட் கைல இருந்தா எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம் கேக்கலாம், ஆபீஸ்லயும் பேசிப் பாக்கலாம். மெயில வாசிச்சுக் காட்டுற வசதி போன்லயே இருக்கு, அத இன்னிக்கே ஆன் பண்ணுங்க.

பதில் 2:
நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். இது கண்ணு கோளாறு இல்லங்க, வார்த்தைக்குள்ள இருக்கிற சத்தத்தப் பிரிச்சுப் பிடிக்கிறதுலதான் பெரும்பாலும் சிக்கல். 'கரடி'ல 'ர'வ எடுத்துட்டா என்ன மிச்சம்னு கேட்டா மத்த பசங்க 'கடி'ன்னு சொல்லிட்டு சிரிப்பாங்க, இவங்கள்ல நிறைய பேர் முழிப்பாங்க. கலர் கண்ணாடி, கண் எக்சர்சைஸ்னு யாராவது விக்க வந்தா காசக் குடுத்துடாதீங்க, அதுக்கெல்லாம் ஆதாரம் இல்லன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2009லயே சொல்லியாச்சு. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு நிறைய, அதனால உங்க சந்தேகம் நியாயமானதுதான். இன்னொண்ணு, சில பசங்க மடமடன்னு வாசிப்பாங்க, என்ன படிச்சேன்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியாது, அது வேற பிரச்சனை, அதுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனம் இல்ல.

பதில் 3:
நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க. எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் பேச்சு நல்லா இருக்கு, எழுதவும் செய்றாரு, ஆனா தான் எழுதினதையே அவரால படிக்க முடியல. இதுவும் டிஸ்லெக்சியாதானா மேடம்?

பதில் 2:
இல்லங்க, பிறவிலயே வர்றது டிஸ்லெக்சியா. படிக்கத் தெரிஞ்சவருக்கு மூளைல பாதிப்பு வந்து படிக்கிற திறமை போயிடுச்சுன்னா அது அலெக்சியா. உங்கப்பா மாதிரியே எழுத முடிஞ்சு படிக்க முடியாத ஒருத்தரைப் பத்தி தெஜெரின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1892லயே எழுதி வெச்சிருக்காரு. ஸ்பீச் தெரபிஸ்ட்டப் பாருங்க. அதுவரைக்கும் எழுத்து மேல விரலால வரைஞ்சு பாக்கச் சொல்லுங்க, சில பேருக்கு அப்படி ஒவ்வொரு எழுத்தா பிடிபடும்.