சோப்ஸ்டோன்: மாக்கலா, சவர்க்காரக்கல்லா?

குழுவினருக்கு வணக்கம்.
ரொறன்ரோவில் தமிழ் வகுப்புக்கு, கனடாவின் வடகோடிப் பழங்குடிகளான இனுயிட்டுகளின் சிற்பங்கள் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். 1949 மொன்றியல் சிற்ப விற்பனை, அதற்குச் சிற்பங்கள் சேகரித்த ஜேம்ஸ் ஹூஸ்டன், ஊர்வாரிப் பாணிகள் எல்லாம் எழுதியாயிற்று. அவை செதுக்கும் கல்லான சோப்ஸ்டோனுக்குத் தமிழில் என்ன போடுவது என்பதில்தான் நிற்கிறேன். 'சவர்க்காரக்கல்' என்றதும் ஒரு பிள்ளை, "குளிக்கிற சவர்க்காரத்திலயா கரடி செய்தவை?" என்று கேட்டது. வெள்ளிக்குள் வேண்டும்.
– ந.

ந. அம்மா, புதிதாக எதற்கு? கல்சட்டி குடையும் மாக்கல்தான் அது. நகத்தால் கீறினாலே கோடு விழும், பொடித்தால் கோலமாவு; பெயரும் அதனால்தான். இனுயிட்டுகளும் கடல்நாய் எண்ணெய் விளக்கான குல்லிக்கை இதில்தான் குடைந்தார்கள்.
– செ.

'மா' மாவுதான் என்று யார் சொன்னது? மாயோனில் வரும் மா கருமை. கல்சட்டியும் எண்ணெய் ஏற ஏறக் கறுக்கிறது. விலங்குக்கும் மா என்று பெயர். கரடி செதுக்கிய கல் மாக்கல் ஆகாதா?
– பொ.

பொ. ஐயா, கரடியை விடுங்கள். விற்பவர் வாயில் எல்லாமே சோப்ஸ்டோன்; கல்லோ ஊருக்கு ஊர் வேறு. கேப் டோர்செட்டில் (இப்போது கின்கைட்) பெரும்பாலும் பச்சை செர்பென்டைன். மெருகு ஏறும், மெலிசாகச் செதுக்கினாலும் தாங்கும். அதனால்தான் அவ்வூர்ச் சிற்பி ஒசுயிடோக் இபீலியின் கலைமான் குச்சிக்கால்களில் நிற்கிறது. ஆர்வியட்டின் சாம்பல் கல் கடினம். அங்கே சிற்பி ஜான் பங்னார்க் ஒரு கட்டியை உருட்டி, முகத்துக்கு நாலு கீறலோடு விட்டுவிட்டவர். பேக்கர் லேக்கின் கறுப்புக் கல்லில் உருவங்கள் கனத்துத் திரண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மாக்கல் என்று போட்டால் பாணி ஏன் மாறியது என்று பிள்ளைக்கு எப்படிப் புரியும்?
– கு.

அப்படியானால் செர்பென்டைனுக்குப் பாம்புக்கல்? 'செர்பென்ட்' என்றால் பாம்புதானே.
– செ.

பாம்புக்கல் விஷம் எடுக்கும் என்று நம்பி வைப்பது, நாகக்கல் அரசமரத்தடியில் இருப்பது. 'அரவக்கல்' என்க. தூய தமிழ், இரண்டோடும் மோதாது.
– பொ.

அரவக்கல்லை வகுப்பில் யார் விளக்குவது? நீங்கள் வருவீர்களா? இங்கே எங்கள் பிள்ளைகள் மாக்கல்லையே கேள்விப்பட்டதில்லை. சவர்க்காரக்கல் என்றால் பாதியாவது விளங்கும்.
– த.

சரி, மாக்கல் என்கிறவர்கள்தான் அதிகம். பொதுப்பெயர் மாக்கல், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் சோப்ஸ்டோன். கேப் டோர்செட்டுக்குப் பச்சைக்கல். அனுப்பிவிட்டேன், எல்லோருக்கும் நன்றி.
– ந.

பச்சைக்கல் என்றால் மரகதம், அம்மா. நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.
– பொ.